மாலையில் குழறிய குரல்

பேருந்து நிலையத்தில் அவளை எல்லோரும் மைக் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கண்ணாடி அடைத்த சின்ன அறைக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடையிலிருந்து கிளம்பும் என்று அறிவிப்பது பதினாறு வருட வேலை. வீட்டில் மகளைச் சாப்பிடக் கூப்பிட்டால், "எத்தனாவது நடைமேடைம்மா?" என்று அவள் கிண்டலடிப்பாள்.

முதலில் மைக் அக்காவின் தாடை ஓய்ந்தது. பாதிச் சாப்பாட்டில், முகவாயைக் கையால் தாங்கிக்கொண்டு மென்றாள். பிறகு குரல். காலையில் கணீரென்று இருக்கும். மாலை ஐந்து மணிக்கு மூக்கால் பேசுவதுபோல் ஆகி, 'புறப்படும்' என்ற சொல் வாய்க்குள்ளேயே கரைந்துபோகும். இடது இமை பாதிக் கண்ணை மூடிக்கொள்ளும். தூங்கி எழுந்தால் எல்லாம் சரியாகிவிடும். அதுதான் வினை. காலையில் பார்க்கிறவர்கள் யாரும் நம்பவில்லை.

நிலைய மேலாளர் அவளைக் கூப்பிட்டார். "ஏம்மா, பயணிங்க புகார் எழுதியிருக்காங்க. குடிச்சிட்டுப் பேசற மாதிரி இருக்காம்."

"நானா சார்?"

"நான் சொல்லல. அவங்க சொல்றாங்க."

சண்டை போடக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

பத்து மாதம் மருத்துவர் மாற்றி மருத்துவர் என்று அலைந்தாள். ஒருவர் மூக்குக்கண்ணாடியை மாற்றினார். இன்னொருவர், மனசை லேசாக வைத்துக்கொள்ளச் சொன்னார். லிஃப்ட் பழுது பார்க்கும் கணவர் நொந்துபோனார். "எந்த மோட்டாரா இருந்தாலும் பிரிச்சுப் பாத்துச் சொல்லிடுவேன். உன்னப் பிரிக்க முடியலையே!"

ஒரு நாள் குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. பயந்துபோய்ப் பெரிய மருத்துவமனைக்கு ஓடினார்கள். நரம்பு மருத்துவர் அறைக்கு வெளியே ஐந்து மணி நேரம் காத்துக் கிடந்ததில் ஒரு நன்மை நடந்தது. உள்ளே போனபோது அவளுடைய இமை முழுக்க விழுந்திருந்தது. மருத்துவர் ஐஸ் கட்டியைக் கையுறையில் போட்டு அந்த இமைமேல் இரண்டு நிமிடம் வைத்தார். எடுத்ததும் இமை உயர்ந்திருந்தது.

"அட, ஏறிடுச்சே!" என்றார் கணவர்.

மருத்துவர் நிதானமாகச் சொன்னார். "நரம்பு ஒரு ரசாயனத்த அனுப்பும். அது தசையில போய் ஒட்டறதுக்குன்னு எடம் இருக்கு. ஒட்டினாத்தான் தசை அசையும். கிருமியப் பிடிக்க உடம்பு எதிர்ப்பொருள் தயாரிக்கும் இல்லையா? உங்க உடம்பு ஆள் தெரியாம அந்த எடத்துக்கு எதிராவே தயாரிச்சிடுச்சு. அது எடத்த அடைக்குது, கெடுக்குது. மிச்சம் இருக்கற எடத்த வச்சுக் காலையில சமாளிக்கறீங்க. பேசப் பேசப் பத்தாமப் போயிடுது. குளிர் பட்டா அந்த ரசாயனம் சீக்கிரம் கரையாது, அதான் இமை ஏறுச்சு."

"நான் என்ன தப்புப் பண்ணேன், டாக்டர்?"

"ஒண்ணும் பண்ணல. ஏன் வருதுன்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது."

இரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. நோயின் பெயர் மயஸ்தீனியா. மாலை வேளையில் அந்தப் பெயரே அவள் நாக்கில் புரளவில்லை.

சில மணி நேரத்துக்கு ஒருமுறை தசைக்கு ஒரு மாத்திரை. எதிர்ப்பு சக்தியை அடக்க இன்னொன்று. அதில் முகம் உப்பியது. அடக்கிய பிறகு சளி, காய்ச்சல் எதுவும் அண்டக்கூடாது. மகள் தும்மினால் அடுத்த அறையில் படுத்தாள். நெஞ்செலும்புக்குப் பின்னால், எதிர்ப்பு அணுக்கள் பக்குவப்படும் தைமஸ் சுரப்பி அவளுக்கு வீங்கியிருந்தது. அதை அறுத்து எடுத்தார்கள். பலன் தெரிய வருடக்கணக்கில் ஆகலாம் என்றார்கள்.

மருத்துவச் சான்றிதழை மேலாளர் இரண்டு முறை படித்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. "காலை ஷிஃப்ட் மட்டும் போதுமாம்மா?" என்றார்.

"ரெண்டு மணி வரைக்கும் தாங்கும், சார்."

மாலை வண்டிகளுக்கான அறிவிப்பையும் காலையிலேயே அவள் குரலில் பதிவு செய்து மாலையில் ஒலிபரப்பினார்கள். புகார்கள் நின்றன.

மூன்று வருடம் ஆயிற்று. இப்போது இமை அநேகமாக விழுவதில்லை. மாத்திரை பாதியாகக் குறைந்திருக்கிறது. தலை வாரக் கையைத் தூக்கினால் மட்டும் பாதியில் சோர்ந்துவிடுகிறது. மிச்சத்தை மகள் வாரிவிடுகிறாள். எப்படி இருக்கிறது என்று யாராவது கேட்டால், "ஓடுது" என்கிறாள். அதற்குமேல் விளக்க அவளுக்கு அலுப்பு.