பனியன் போட்ட சுரைப்புருடை

மயிலாத்தாள் எனக்குச் சின்னம்மா மகள். அவளுடைய அம்மாவும் என்னுடைய அம்மாவும் கூடப் பிறந்தவர்கள். ஒரே பந்தலில் தாலி கட்டிக்கொண்டு ஒருத்தி கிழக்கே போனாள், ஒருத்தி மேற்கே போனாள். பிரிந்த அந்த வழி எங்கள் காலத்தில் மறுபடி ஒன்றாகச் சேர்ந்தது. நானும் மயிலாத்தாளும் வாக்கப்பட்டது சாமளாபுரத்துக்குத் தெற்கே அடுத்தடுத்த தோட்டங்களில். அவள் வீட்டில் கடுகு தாளித்தால் என் வீட்டில் தும்மல் வரும், அவ்வளவு பக்கம்.

அவள் வீட்டு வாசலுக்கு நேர் எதிரே கிணறு. மூன்று பங்காளிகளுக்கும் பொதுக் கிணறு. சுற்றுச்சுவர் கிடையாது. சுவர் கட்ட வேண்டும் என்று மூன்று பேருமே சொல்லுவார்கள். முதல் கல்லை யார் பக்கம் வைப்பது என்ற இடத்தில் பேச்சு நின்றுபோகும், எழுந்து போய்விடுவார்கள்.

சிறு வயதில் அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். நல்லான் என்று பெயர். நடை பழகும் முன்னால் அவர்கள் தோட்டத்துக் கிணற்றில் விழுந்து போய்ச் சேர்ந்தான். அன்றைக்கு அவனை இடுப்பில் வைத்திருந்தவள் மயிலாத்தாள்தான். அவளுக்கே எட்டு வயது. கனகாம்பரம் பறிக்கக் கீழே இறக்கிவிட்டாள். நீந்தத் தெரியாது, மேட்டில் நின்று கத்தத்தான் தெரிந்தது. காட்டில் களையெடுத்த ஆட்கள் ஓடி வந்து சேரும்போது எல்லாம் முடிந்துவிட்டது. அந்தச் சேதியை அவள் வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை.

எண்பத்தெட்டாம் வருசம் வைகாசியில் அவளுக்குப் பூபதி பிறந்தான். மூத்தவள் கலாமணிக்கு அப்போது எட்டு வயது. மயிலாத்தாள் அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவள். தைத்து வரும் பனியனை டியூப்லைட் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து, ஓட்டை, தையல் விட்டது, எண்ணெய்க் கறை எல்லாம் பார்த்துத் தள்ள வேண்டும். தை பிறந்ததும் வேலைக்கு வந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவோம் என்று கம்பெனியில் சொல்லி அனுப்பினார்கள். பகலில் குழந்தையை நான் பார்த்துக்கொள்வதாகப் பேச்சு. ஆனால் சாயங்காலம் எனக்குத் தறிக் குடோனில் ஷிப்ட். அப்போது பள்ளிக்கூடம் விட்டு வரும் கலாமணி தம்பியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். மயிலாத்தாள் பஸ் பிடித்து வருவதற்குள் நன்றாக இருட்டிவிடும். அதுவரை அந்த வீட்டில் ஒரு பொடிப்பெண், ஒரு கைக்குழந்தை, எதிரே சுவரில்லாத கிணறு.

"முள்ளு வெட்டி வேலி போட்டர்றேன். போதாதா?" என்றார் அவள் வீட்டுக்காரர் லிங்கசாமி. அவருக்கு வீரபாண்டியில் சாயப்பட்டறை வேலை. ஒரு வாரம் கை பச்சையாக இருக்கும், மறு வாரம் சிவப்பாக இருக்கும்.

"வேலி வெள்ளாட்டத்தானுங்க நிறுத்தும். தவழ்ற புள்ளைய நிறுத்துமா? கலாமணி நீச்சப் பழகோணுங்க. தைக்குள்ள பழகோணும்."

"பொட்டப் புள்ளைக்கு என்னத்துக்கு நீச்சலு?"

"பொட்டப் புள்ளதானுங்க கைக்கொழந்தைய வெச்சிருக்கப் போறா."



பழக்கிவிடுவதற்கு யார்? லிங்கசாமிக்கு ஞாயிற்றுக்கிழமையும் பட்டறை. இருந்தது அவருடைய அண்ணன் குருசாமிதான். சம்சாரம் தவறிப்போனவர், பிள்ளை இல்லை. தண்ணீரில் மல்லாந்து படுத்துக்கொண்டே வெற்றிலை மடிப்பார் என்று எங்கள் பக்கம் பெயர் வாங்கியவர். ஆனால் மயிலாத்தாளுக்கு அவர் மச்சாண்டார் ஆயிற்றே. எங்களில் தம்பி பெண்டாட்டி மச்சாண்டாருக்கு முன்னால் நிற்க மாட்டாள், நேர்ப்பேச்சும் கிடையாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரிடம் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. சொல்ல வேண்டியதைக் குழந்தையிடம் சொல்வதுபோலச் சொல்லுவாள். குழந்தை இல்லாத நாளில் மாட்டிடம் சொல்லுவாள்.

பூபதியை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் பாதி உடம்பு மறைய நின்றாள்.

"பூபதிக் கண்ணு, உங்க பெரியப்பனக் கேளு. அக்காளுக்கு நீச்சப் பழக்கி உடுவாங்களான்னு கேளு."

குருசாமி விட்டத்தைப் பார்த்தார். "உங்கொம்மாகிட்டச் சொல்லு பூபதி. பழக்கறது ஒண்ணும் பெருசில்ல. தண்ணியப் பாத்ததும் உங்கக்கா எம்மேல ஒண்ணுக்குப் போகாம இருந்தாப் போதும்னு சொல்லு."

ஆறு மாதக் குழந்தை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. அந்தக் கார்த்திகை மார்கழி முழுவதும் அந்த வீட்டில் அதிகம் பேசினவன் அவன்தான்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே தப்பு நடந்துபோயிற்று. அந்தக் காலத்தில் எங்கள் வீடுகளில் எல்லாக் கட்டுக்கும் பனியன் வேஸ்ட்தான், கம்பெனியில் வெட்டிக் கழித்த துணித் துண்டு. கன்றுக்குட்டி கட்டுவது, கொடி கட்டுவது, பெண் பிள்ளைகளுக்குத் தலை கட்டுவது எல்லாம் அதில்தான். மயிலாத்தாள் அந்தத் துண்டுகளை மூன்று புரியாகப் பின்னிக் கை மொத்தத்துக்குக் கயிறு திரித்து வைத்திருந்தாள். கலாமணி இடுப்பில் ஒரு முனை, புங்கமரத்தில் ஒரு முனை. இழுத்துப் பார்த்தாள், அறுந்துபோகிற கயிறாகத் தெரியவில்லை. கலாமணி குதித்தாள். கயிறு அறுந்துபோகவில்லை, நீண்டது. பனியன் துணி இழுத்த இழுப்புக்கு வரும் என்பது அவள் தினமும் கையில் பார்க்கிற சங்கதிதான். கயிறாகத் திரித்தால் நீளாது என்று நினைத்துவிட்டாள். பிள்ளை ஆழத்துக்குப் போய்விட்டது. குருசாமி முங்கித் தலைமயிரைப் பிடித்து மேலே கொண்டுவந்தார். கலாமணி தண்ணீராகக் கக்கினாள்.

குருசாமி வேட்டியைப் பிழிந்துகொண்டே, "பூபதி, கம்பெனியக் கம்பெனியோட வெச்சுக்கச் சொல்லு உங்கொம்மாள. அடுத்த வாரத்துக்கு நானே தாம்புக்கயிறு கொண்டாறேன்" என்றார்.

"செரீங்கன்னு சொல்லு கண்ணு."

அடுத்த வாரம் கயிறு வந்தது, கலாமணி வரவில்லை. தூணைக் கட்டிக்கொண்டு, "மாட்டேம்மா, நானு செத்துருவேன்" என்று அழுதாள். மயிலாத்தாள் அடிக்கவும் இல்லை, கொஞ்சவும் இல்லை. குழந்தையை என் கையில் திணித்துவிட்டுப் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு கிணற்றுப் படியில் இறங்கினாள். நீந்தத் தெரியாதவள், நல்லான் போன நாளிலிருந்து எந்தக் கிணற்றுப் படியிலும் காலே வைக்காதவள். மச்சாண்டார் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். கழுத்தளவு தண்ணீரில் கடைசிப் படியில் உட்கார்ந்து கல்லை இறுகப் பிடித்துக்கொண்டாள். மார்கழித் தண்ணீர். உதடெல்லாம் நீலம் பாய்ந்துவிட்டது.

"நானும் எறங்கீட்டேன். வா கண்ணு."

கலாமணி வந்தாள்.

அப்புறம் பழக்கம் ஓடத் தொடங்கிற்று. காய்ந்த சுரைக்காயைக் குடைந்தெடுத்த கூட்டை நாங்கள் சுரைப்புருடை என்போம், அது தண்ணீரில் மிதக்கும். முதுகில் இரண்டு புருடை, இடுப்பில் தாம்புக்கயிறு. பிள்ளைக்குக் கைகால் நன்றாக வந்தது. இடைஞ்சல் பூபதியால்தான். அவன் 'வீல்' என்றால் போதும், நடுக்கிணற்றில் இருக்கிற கலாமணி கழுத்தைத் திருப்பிக் கரையைப் பார்ப்பாள். கழுத்து திரும்பியதும் கால் நின்றுபோகும். கால் நின்றதும் வாயில் தண்ணீர். ஆறு மாதமாக அவன் அழுதபோதெல்லாம் ஓடித் தூக்கியவள் ஆயிற்றே.

"உந்தம்பி ஒண்ணும் கழுதப்புலி வாயில கெடக்கல. கால அடி புள்ள!" என்று குருசாமி சத்தம் போடுவார். அடிக்க மாட்டாள். படிக்கு வந்து ஏறிவிடுவாள்.

அழுகிறவனுக்குப் பால் கொடுக்கலாம் என்றால் அதுவும் நடக்காது. மச்சாண்டார் இருக்கும் இடத்தில் கிணற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துதான் கொடுக்க வேண்டும். முதுகைக் காட்ட அவளுக்கு மனசு வரவில்லை. ஒரு தடவை உட்கார்ந்தாள். பின்னால் தண்ணீர்ச் சத்தம் கொஞ்சம் நின்றதும், வாயில் வைத்த பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு எழுந்து ஓடிவந்தாள். அவன் இன்னும் ஓங்கி அழுதான். கலாமணி இன்னும் ஒரு வாய் தண்ணீர் குடித்தாள்.

அதற்கு அவள் ஒரு வழி கண்டாள். மிசினில் பனியன் துணி குழாய் மாதிரிதான் வரும், பக்கத்தில் தையல் இருக்காது. கம்பெனியில் கழித்த அந்தக் குழாய்த் துணியில் ஒரு துண்டைக் கொண்டுவந்து புங்கமரக் கிளையில் தொட்டில் கட்டினாள். பூபதியைப் போட்டதும் தொட்டில் நீண்டு தரைக்கு ஒரு சாண் மேலே நின்றது. அவன் காலை உதைத்தான், தொட்டில் அவனைத் தூக்கிப் போட்டது. மறுபடி உதைத்தான். ஆட்டுவதற்கு ஆளே வேண்டாம். கெக்கெக்கே என்று சிரித்தான்.

"அடப் பூபதி, அக்காள எறக்கக் கயிறு நீளுச்சு, உன்னைய ஏத்தவும் கயிறு நீளுதா? உங்கொம்மாளுக்கு எல்லாமே நீட்டமா வேணும்" என்றார் குருசாமி. மயிலாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் எதிரில் அவள் முதல்முதலாகச் சிரித்தது அன்றுதான்.

தம்பி சிரிக்க, அக்காளுக்குப் பயம் தெளிந்தது. முதலில் ஒரு புருடை கழன்றது, பிறகு இன்னொன்று, கடைசியில் கயிறும் போயிற்று. கழன்ற புருடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு கையால் நீந்தவும் குருசாமி பழக்கினார். பொங்கலுக்கு முந்தின ஞாயிறு கலாமணி கிணற்றைச் சுற்றி வந்தாள்.

"முடிஞ்சுதுன்னு சொல்லு பூபதி. இனி உங்கக்கா தவளையோட பந்தயம் உடுவா."

நானும் முடிந்தது என்றுதான் நினைத்தேன். மயிலாத்தாள் மட்டும் மூஞ்சியை இறுக்கிக்கொண்டிருந்தாள். செக்கிங் மேசையில் எல்லாரும் நல்லது என்று தள்ளிய பனியனைத் திரும்ப எடுத்து வெளிச்சத்தில் பிடிப்பாளே, அந்த மூஞ்சி. துவைக்கிற கல்லில் என்னிடம் சொன்னாள்: "இவன் தொட்டல்ல சிரிச்சிட்டிருக்கறப்ப அவ நீந்தி என்னக்கா பிரயோசனம்?"

பொங்கல் கழிந்தது. அடுத்து வந்த திங்கட்கிழமை அவள் கம்பெனிக்குப் போக வேண்டும். முந்தின நாள் உச்சி வேளையில் தொட்டிலை அவிழ்த்துவிட்டாள். பூபதிக்குப் பால் கொடுக்காமல் பாயில் கிடத்தினாள். பசியில் அவன் கத்திய கத்தலுக்கு நான் என் வீட்டிலிருந்து ஓடிவந்தேன். பார்த்தால், ஒரு சுரைப்புருடைக்குள் பாதிக்கு மணலைப் போட்டு வாயை அடைத்து, அதற்குப் பூபதியின் குட்டிப் பனியன் ஒன்றை மாட்டிக் கையில் வைத்திருந்தாள். கை வைக்கிற ஓட்டையில் வெறும் காற்றுதான் இருந்தது.

கலாமணியை மேட்டில் நிறுத்திவிட்டு அதைக் கிணற்றில் வீசினாள். கழுத்து மட்டும் வெளியே தெரிய அது அமிழ்ந்து அமிழ்ந்து மிதந்தது.

"போய் எடுத்துட்டு வா."

கலாமணி கிணற்றைப் பார்த்தாள். பாயில் கத்துகிற தம்பியைப் பார்த்தாள். தம்பியிடம் ஓடினாள்.

மயிலாத்தாள் குறுக்கே நின்று தோளைப் பிடித்துக்கொண்டாள். "எங்க போற?"

"தம்பி அழுவறாம்மா."

சத்தம் கேட்டுக் குருசாமி காட்டிலிருந்து வந்துவிட்டார். "பூபதி, உங்கொம்மாளுக்குக் கிறுக்குப் புடிச்சுப்போச்சான்னு கேளு. பச்சப் புள்ளைய இப்படி அழ வெச்சு…"

பூபதி இருந்த இருப்பில் எதைக் கேட்டுச் சொல்வான்? மயிலாத்தாள் திரும்பினாள். மச்சாண்டாரை முகத்துக்கு நேர் பார்த்தாள்.

"பெரிய மாமா, நீங்க சித்த அக்கட்டால நில்லுங்க. எந்தம்பி நல்லான் அழுவவே இல்லீங்க. கிணத்துல உழுந்தவன் அழுவ மாட்டானுங்க. அழுது கத்துனது நானு. இவளுக்கு அது தெரியோணுங்க."

குருசாமியின் வாயில் வெற்றிலை அப்படியே நின்றது. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ஒதுங்கினார்.

மயிலாத்தாள் குனிந்து மகள் முகத்தைக் கிணற்றுப் பக்கம் திருப்பினாள். "கண்ணு, நல்லாக் கேட்டுக்க. அழுவறவன் கரையில இருக்கறான், அவனுக்கு ஒண்ணும் ஆகாது. சத்தமில்லாதவன் தண்ணியில இருக்கறான். எவன எடுப்ப?"

இந்தப் பக்கம் பூபதி மூச்சுப் பிடித்துப் பிடித்து அழுகிறான். கலாமணி கண்ணை இறுக மூடித் திறந்தாள், குதித்தாள்.

மேலே வந்ததும் கழுத்து கரைப்பக்கம் திரும்பத்தான் பார்த்தது. மயிலாத்தாள் மூச்சு விடவில்லை. பாதி திரும்பிய கழுத்து நின்று, முன்னால் போயிற்று. காலை அடித்தாள். புருடை ஒரு பக்கமாகச் சாய்ந்து முங்குகிற நேரத்தில் பனியனின் கழுத்தைப் பிடித்துவிட்டாள். பெரியப்பன் பழக்கியபடி அதைத் தண்ணீருக்கு மேலே தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு கையால் வாரி வாரிப் படிக்கு வந்தாள். படியில் அதை வீசவில்லை. தலைப்பக்கம் கல்லில் இடிக்காமல் பார்த்து வைத்துவிட்டுத்தான் தானும் ஏறினாள். அதைப் பார்த்ததும் குருசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், வேர்வையாகத்தான் இருக்கும்.

சொட்டச் சொட்ட வந்து புருடையை அம்மாவிடம் நீட்டி, "இப்பத் தம்பியத் தூக்கட்டுமா?" என்று கேட்டாள் கலாமணி.

"தூக்கு கண்ணு."

ஈர உடம்போடு அவனைத் தூக்கினாள். குளிர் பட்டதும் அவனுக்கு அழுகை நின்று விக்கல் வந்தது. மயிலாத்தாள் புருடைக்குப் போட்ட பனியனைக் கழற்றிப் பிழிந்து புங்கமரத்தில் காயப் போட்டாள். பிறகு மகளிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு, கிணற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து மார்பில் வைத்தாள். பாவம், எவ்வளவு பசி! அவன் உறிஞ்சுகிற சத்தம் எனக்கே கேட்டது.

பின்னால் 'தொப்' என்று தண்ணீரில் சத்தம்.

"ஏம் புள்ள, உம்மக மறுபடி குதிச்சுட்டா பாரு" என்றேன்.

"குதிச்சா ஏறி வருவாக்கா" என்றாள் மயிலாத்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. குழந்தையின் காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த புங்க இலையை எடுத்துப் போட்டாள்.