கிருமியின் நித்திரை

எங்கள் சபைச் செயலாளர் டேனியைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரிகிறது. நல்ல மனிதன்தான், கெட்ட எண்ணம் கிடையாது. ஆனாலும் எரிகிறது. காரணம், என் பக்கத்து வீட்டு சத்தியராஜ்.

சத்தியராஜ் முள்ளிப்பட்டில் பட்டுத்தறி நெய்தவர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஆரணி தேவாலயத்தில் பாடகர் குழுவின் முன்வரிசையில் நிற்பார். தேவாலயத்தில் யார் என்ன சொன்னாலும் அவருக்கு அது வேதவாக்கு. மனைவி ஹெப்சிபா சொன்னால் மட்டும் காது கேட்காது.

இருமல் நிற்காததால் ஆஸ்பத்திரியில் போய்க் காட்டியபோது காசநோய் என்றார்கள். ஆறு மாதம் விடாமல் மாத்திரை போடச் சொன்னார்கள். மாத்திரை குமட்டும். ஹெப்சிபா பக்கத்தில் நின்று விழுங்க வைப்பாள். மூன்றாம் மாதத்தில் இருமல் நின்றது, உடம்பும் தேறியது. அந்த நேரம் பார்த்துத்தான் தேவாலயத்தில் காசநோய் விழிப்புணர்வுக் கூட்டம் போட்டார்கள்.

வடக்கேயிருந்து வந்த ஆராய்ச்சியாளர் ஆங்கிலத்தில் பேசினார். வெளியூர்ப் போதகர்களின் பிரசங்கத்தை மொழிபெயர்த்தே பழகிய டேனிதான் தமிழில் சொன்னான். காற்று குறைந்த இடத்தில் மாட்டிக்கொண்டால், கிருமிக்குள் இருக்கும் ஒரு புரதம் சில மரபணுக்களை முடுக்கி, சிலதை அடக்கி, கிருமியைத் தூங்க வைத்துவிடும் என்றாராம் அவர். டேனி பாதியை விழுங்கிவிட்டு, கையை உயர்த்தி முழங்கினான்: "புரதமானது கிருமியை நித்திரையடையப் பண்ணுகிறது!"

பின்வரிசையில் யாரோ ஆமென் வேறு சொன்னார்கள். எங்கள் சபையில் நித்திரையடைவது என்றால் தூங்குவதா? சாவது! எங்கள் கல்லறைகளில் எல்லாம் அந்த வார்த்தைதான் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் சத்தியராஜ் மாத்திரையைத் தள்ளி வைத்தார். "புரதமே கிருமிய சாவடிச்சிடுதாம். நர்ஸம்மாவும் புரதம்னு முட்டதானே துன்ன சொல்லிகினு கீறாங்க? இன்னாத்துக்கு இந்த பேஜாரு?"

"டாக்டர ஒரு வார்த்த கேட்டுட்டு நிறுத்துங்க," என்றாள் ஹெப்சிபா.

"சர்ச்சுல சொன்னத விடவா?"

அன்றிலிருந்து முட்டைதான். அவள் கத்தினாள், அழுதாள், என்னையும் சொல்லச் சொன்னாள். அசையவில்லை மனிதர்.

அடுத்த வருடம் ரத்தமாக இருமினார். ஆஸ்பத்திரி டாக்டர் ஹெப்சிபாவை உட்காரவைத்து விளக்கினார். அந்தப் புரதம் கிருமியுடையது, முட்டையில் இருப்பதல்ல. கிருமியைக் கொல்ல அல்ல, காப்பாற்ற இருப்பது. கிருமி வளர்வதை நிறுத்தி, நம் உடம்பின் கொழுப்பைத் தின்றுகொண்டு, சமயம் பார்த்துப் பதுங்கிக் கிடக்கும். அதையும் தீர்க்கத்தான் அத்தனை மாதம் மாத்திரை. பாதியில் விட்டதால் தப்பிய கிருமி இப்போது பழைய மருந்துக்கு மசியவில்லை. புது மருந்து கொடுத்தார்கள். ஆனால் அதைத் தாங்க அவருடைய நுரையீரலில் எதுவும் மிச்சமில்லை.

இறந்த அன்று, கண்ணீர் அஞ்சலி சுவரொட்டிக்கு எழுதிய வாசகத்தோடு டேனி வந்தான். 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று படித்துக் காட்டினான்.

"அந்த வார்த்த வேணாம்," என்றாள் ஹெப்சிபா. "செத்துட்டாருன்னு போடு."

"அக்கா, சபை வழக்கம்…"

"தூங்கினா எழுந்துக்கணும் இல்ல, தம்பி? கிருமி எழுந்துகிச்சு. இவர எழுப்பு, பாக்கலாம்."

டேனி தலையைக் குனிந்துகொண்டு அந்த வார்த்தையைக் கோடு போட்டு அடித்தான். மறுநாள் எங்கள் தெருச் சுவர்களில் 'சத்தியராஜ் செத்துவிட்டார்' என்றே ஒட்டியிருந்தது.