தட்டில் அடுக்கிய கிளிப்புகள்

பெரியவளே, சின்னவனே, கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் அன்றைக்கு நான் ஏன் வாயே திறக்கவில்லை என்று உங்கள் அம்மாவிடம் கேட்டீர்களாம். பெரியவளைச் சென்னைக்கு நர்சிங் படிக்க அனுப்புவதில் அப்பாவுக்கு விருப்பமில்லை என்று நினைத்துவிட்டீர்கள். அப்படி இல்லை. நேரில் சொல்ல எனக்கு வராது, அதனால் எழுதுகிறேன்.

நான் பொம்மசந்திராவில் ஒரு ஃபேக்டரிக்குப் போகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே என்ன செய்கிறோம் என்று நீங்கள் கேட்டதில்லை. தண்டவாளத்தைக் கீழே இருக்கும் சிமெண்ட் கட்டையோடு சேர்த்துப் பிடிக்க, வளைத்த இரும்புக் கம்பி ஒன்றை அடித்து மாட்டுவார்கள். அதற்குக் கிளிப் என்று பெயர். அதைத்தான் செய்கிறோம். ஒன்று உடைந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. வரிசையாக உடைந்தால் தண்டவாளம் நகர்ந்துவிடும்.

முன்பெல்லாம் சரக்கு வெளியே போவதற்கு முன்னால் அரசாங்க இன்ஸ்பெக்டர் ஒருவர் வருவார். கன்னடக்காரர், எங்களிடம் தமிழில்தான் பேசுவார். குவியலில் எந்தக் கிளிப்பைச் சோதிப்பது என்று அவர்தான் கை காட்ட வேண்டும். இதை நாங்கள் பெண் பார்க்கிறது என்று கேலி பேசுவோம். எங்கள் சூப்பர்வைசர் மேலே பளபளவென்று இருப்பதில் நாலை எடுத்து நீட்டுவார்.

"ஏன்ப்பா, தங்கச்சியக் காட்டிட்டு அக்காவக் கட்டி வைக்கப் பாக்கிறியா? அடியிலருந்து எடு" என்பார் அவர்.

குவியலைப் புரட்டிப் போட வேண்டும். முதுகு ஒடியும். அவர் போனதும் திட்டித் தீர்ப்போம். பிறகு அரசாங்கம் விதியைத் தளர்த்தியது. கம்பெனிக்காரர்களே சோதித்து, கம்பெனிக்காரர்களே முத்திரை போட்டுக்கொள்ளலாம் என்று வந்தது. அன்றைக்கு முதலாளி எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். நானும் சந்தோஷமாகத்தான் தின்றேன். அதன் பிறகு சூப்பர்வைசர் நல்லதாகப் பொறுக்கி ஒரு எவர்சில்வர் தட்டில் அடுக்கி வைப்பார். அவற்றை மிஷினில் கொடுத்து அமுக்கிப் பார்ப்பது என் வேலை. ஒன்றுகூடத் தோற்றதில்லை.

அப்புறம்தான் வடக்கே அந்த ரயில் கவிழ்ந்தது. கேன்டீன் டிவியில் பார்த்தோம். ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனதெல்லாம் வேலை தேடிப் போன ஜனங்களை, நம்மைப் போல.

"நம்ம சரக்கா இருக்குமாண்ணா?" என்று ஒருவன் கேட்டான்.

"வாயக் கழுவுடா. நம்மது அந்தப் பக்கமே போறதில்ல" என்றார் சூப்பர்வைசர். எங்கே போகிறது என்று அவருக்கும் தெரியாது.

காரணம் சிக்னல் என்று பின்னால் சொன்னார்கள். கிளிப் இல்லை. எனக்கு அதில் நிம்மதி வரவில்லை. கொஞ்ச நாள் அதிகாரிகள் வந்தார்கள், அடியிலிருந்து எடுக்கச் சொன்னார்கள், சுவரில் புதுசாகப் போர்டு மாட்டினார்கள். டிவியில் வேறு செய்தி வந்தது. அதிகாரிகள் நின்றுபோனார்கள். தட்டு திரும்பி வந்தது.

ஒருநாள் கேட்டேன்: "சார், அடியிலருந்தும் ரெண்டு எடுக்கலாமே?"

"ஃபெயிலாச்சுன்னா நீ வந்து பதில் சொல்றியா? மேல இருக்கிறவனே கேக்கல, உனக்கென்ன? சும்னே இரு மாமா."

சும்மா இருந்தேன். ஷிஃப்ட் முடிந்து நீலசந்திராவில் வீடு வந்து சேர்வதற்குள் யாரோடும் சண்டை போடத் தெம்பு இருப்பதில்லை.

அந்தச் சமயத்தில்தான் உனக்குச் சீட் கிடைத்தது, பெரியவளே. பஸ்ஸில் அனுப்பலாம் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"பஸ்ஸு மட்டும் என்ன பல்லக்கா? ஓசூர் ரோட்டுல தினம் போறீங்களே, லாரிங்க போற போக்கப் பாக்கலியா? ட்ரெயின்ல பாத்ரூமாவது இருக்கு" என்றாள். ட்ரெயினுக்கே டிக்கெட் எடுத்தேன்.

ஸ்டேஷனில் நீ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஏதாவது சொல்லுப்பா" என்றாய். நான் பக்கத்துத் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"காசு கீழ விழுந்தவராட்டம் பாக்கிறாரு பாருக்கா" என்றான் சின்னவன். நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். வண்டி கிளம்பிவிட்டது. இனி மாசாமாசம் நீ அதில்தான் வந்து போவாய். என்ன சொல்லி அனுப்புவது? பத்திரமாகப் போ என்றா? அது உன் கையிலா இருக்கிறது?

மறுநாள் சாப்பாட்டு மணி அடித்ததும் எல்லோரும் கேன்டீனுக்குப் போனார்கள். மிஷின் பக்கத்தில் தட்டு தயாராக இருந்தது. அதை எடுத்து, மற்ற கிளிப்புகள் குவிந்திருந்த பெட்டிக்குள் கொட்டினேன். இரண்டு கையாலும் நன்றாகக் கலந்துவிட்டேன். முழங்கை வரை உள்ளே விட்டு, கைக்கு வந்ததை எடுத்துத் தட்டில் அதே மாதிரி வரிசையாக அடுக்கினேன். பிறகு கை கழுவிக்கொண்டு சாப்பிடப் போனேன்.