சங்கிலி போகாத காடு

மாயக்கண்ணன் உட்கார்ந்து பார்த்தவர்கள் ஒக்கூர்ப் பக்கம் யாரும் கிடையாது. அறுபது ஆடு வைத்திருந்தான். பேசும்போதுகூட அவன் கால் ஓரிடத்தில் பாவாது. நானோ சர்வேயர், நட்ட கல் நட்ட இடத்தில் நிற்க வேண்டும் என்று நினைக்கிறவன். அவனைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

அறுபத்தெட்டில் ஊருக்குக் கிழக்கே இருந்த பொட்டல்காட்டில் தைலமரம் போட உத்தரவு வந்தது. வெள்ளைக்காரன் காலத்து வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். மேடு, பள்ளம், கிணறு, ஒற்றைப் பனைவரை குறித்திருந்த அந்தப் படத்தில், காட்டின் நடுப்பகுதி மட்டும் வெள்ளையாகக் கிடந்தது. அங்கே ஒன்றுமில்லை என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

மறுநாளே மாயக்கண்ணன் வந்து என் மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்தான். அந்த வெள்ளைக்குள் ஓர் ஊற்று இருக்கிறதாம். கோடையில் அவன் ஆடுகளும் காட்டு மான்களும் அதில்தான் வாய் வைக்குமாம். அது ஐயனார் காடு, இரும்பு உள்ளே போகக்கூடாது. அதனால் அந்தக் காலத்தில் அளக்க வந்தவர்களின் இரும்புச் சங்கிலியை ஊரார் வெளியிலேயே மறித்துவிட்டார்களாம்.

"படத்துல இல்லையின்னா ஊத்தே இல்லையின்னு சொல்லிருவீகளாய்யா?"

சங்கிலி போட்டு அளந்தால்தான் குறிப்பேன் என்றேன். தேங்காய் நார்க் கயிறு கொண்டுவந்தான். கயிறு இழுபடும், செல்லாது என்று திருப்பி அனுப்பினேன். அப்போதெல்லாம் நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். ஊரில் ஒருவரும் சங்கிலியைத் தொடச் சம்மதிக்கவில்லை. மரம் நடக் குழி வெட்டும் ஆட்கள் வர நான்கு நாள்தான் இருந்தது. அவன் சோறு தண்ணியில்லாமல் அலைகிறான் என்று அவன் பெண்சாதி சோணையம்மாள் வந்து என்னை வைதுவிட்டுப் போனாள்.

நான்காம் நாள் அவனே சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டுக்குள் முன்னால் நடந்தான். மறுமுனையை நான் பிடித்தேன். ஊற்றைப் படத்தில் குறித்தேன். அதைச் சுற்றிப் பதினைந்து ஏக்கரை மரம் போடாமல் விட்டார்கள்.

எழுபத்து நான்கில், சித்திரை வெயிலில் அந்தப் பக்கம் போனேன். ஆடுகள் ஊற்றில் குடித்துக்கொண்டிருந்தன. மாயக்கண்ணன் காட்டுக்கு வெளியே, உதடு வெடித்துப்போய், அங்குட்டும் இங்குட்டும் நடந்துகொண்டிருந்தான். அளந்த நாளுக்குப் பிறகு அவன் உள்ளே கால் வைக்கவில்லையாம். தாகம் எடுத்தால் ஊர்க்கிணற்றுக்கு ஒரு மைல் நடக்கிறானாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரே உன்னை ஒன்றும் சொல்லவில்லை, சாமியா வந்து கேட்டது, போய்க் குடி என்று சத்தம் போட்டேன்.

"அதுக குடிக்கட்டும்யா. இரும்பைத் தூக்கிட்டுப் போனது நாந்தானே."

சற்று முன்புதான் அந்த ஊற்றில் வயிறு முட்டக் குடித்துவிட்டு வந்திருந்தேன்.