லோகநாதன் பாயின்ட்

எங்கள் தெருவில் கடல் விளையாட்டு நிபுணர் ஒருவர் இருக்கிறார். ஆரணியிலிருந்து கடல் நூறு கிலோமீட்டருக்குக் குறையாது. நிபுணருக்கு நீச்சல் தெரியாது. ஒருமுறை மாமல்லபுரம் டூர் போனபோது வழியெல்லாம் வாந்தி எடுத்து, மற்றவர்கள் அலையில் கால் நனைத்த நேரத்தில் வேனுக்குள்ளேயே எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு படுத்துக் கிடந்தவர். பெயர் லோகநாதன், வயது நாற்பத்தேழு, தொழில் பட்டு நெசவு.

அவனை 'அவர்' என்று எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. எதிர்வீட்டுக்காரன். என்னோடு சேர்ந்து படித்து, என்னோடு சேர்ந்து ஒன்பதாம் வகுப்பில் தோற்றவன். இனி 'அவன்' என்றே எழுதுகிறேன்.

தறியில் நெடுக்கே ஓடும் பட்டு இழைகளை, அதாவது பாவு, நாங்கள் தெருவில்தான் விரிப்போம். விடிகாலையில் தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக இழைகளை நீட்டி, இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, இழை இழையாகப் பிரித்துக் காயவைத்துச் சுருட்டவேண்டும். காற்று தெருவின் நீளத்துக்கு நேராக அடித்தால் பெரிய தொல்லையில்லை. குறுக்கே அடித்தால் போச்சு, ஆயிரக்கணக்கான இழைகளும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நம் உயிரை வாங்கும். அதனால் காற்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். எங்கள் தெருவுக்கு லோகநாதன். எச்சில் விரலைத் தூக்கிப் பிடித்து, "ஏழரை வரிக்கும் வராது, போடுங்கப்பா" என்பான். பத்துக்கு ஏழு முறை பலிக்கும். மீதி மூன்று முறை காற்றைத் திட்டுவான்.

அப்படியே இருந்திருக்கலாம். மூன்று வருடத்துக்கு முன்னால் அவன் செல்போனில் காற்று வரைபடம் ஒன்று வந்து சேர்ந்தது. நீலம் என்றால் மெல்லிய காற்று, சிவப்பு என்றால் பேய்க்காற்று. அன்றோடு விரலை எச்சில் படுத்துவதை விட்டான். ஆரணிக்கு மேலே என்ன நிறம் என்று பார்த்தவனின் கட்டைவிரல் மெல்லக் கிழக்கே நகர்ந்து கடற்கரைக்குப் போய்விட்டது. தறி மட்டும் வீட்டிலேயே இருந்தது.

அந்த வரைபடத்தில் ஒரு பேச்சு மேடை உண்டு. பெரிய பட்டத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டு பலகைமேல் நின்று கடலில் சறுக்குகிறார்களே, கைட் சர்ஃபிங், அந்த ஆட்கள் அங்கே கூடி, இந்த வாரம் எங்கே காற்று நன்றாக இருக்கும் என்று கேட்பார்கள். லோகநாதன் பதில் சொன்னான். இரண்டு முறை பலித்துவிட்டது. நம் ஊரில் ஒருவன் நிபுணன் ஆவதற்கு இரண்டு முறை தாராளம்.

'ஆரணி காத்து' என்று யூடியூப் சேனல் தொடங்கினான். அலைச்சறுக்குக்கு எந்தக் கரை, பாய் கட்டிய பலகைக்கு எந்தக் கரை, பட்டத்துக்கு எந்தக் கரை என்று, சாட்டிலைட் படத்தில் நுரைக்கோட்டைத் தடவித் தடவிச் சொல்வான். படத்தில் வரைபடம் மட்டும்தான் தெரியும், பின்னால் அவன் குரல். முகம் காட்டாததற்குக் காரணம் அவன் மனைவி ஆதிலட்சுமி.

"தறியில ஒக்காந்து நாலு நாளாவுது. கடல்ல காத்து அடிச்சா உங்களுக்கு இன்னா, அடிக்காட்டி உங்களுக்கு இன்னா? இதுல இந்த மூஞ்சிய வேற ஊருக்குக் காட்டணுமா?" என்று கேட்டுவிட்டாள்.

முப்பத்தெட்டாயிரம் பேர் அவனைப் பின்தொடர்ந்தார்கள். அதுவும் போதவில்லை. நல்ல இடத்தைக் கண்டுபிடித்தவன் பெயரையே அந்த இடத்துக்கு வைப்பது உண்டு என்று எங்கோ படித்துவிட்டான். அன்றிலிருந்து ஒரே ஆசைதான்: மேப்பில் 'லோகநாதன் பாயின்ட்' என்று வரவேண்டும்.

மூன்று மாதம் தேடி, மரக்காணத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தைப் பிடித்தான். அதன் பெயரை நான் எழுதப்போவதில்லை, பிறகு புரியும். பின்னால் உப்பளம், கண்ணுக்கெட்டிய தூரம் மரம் மட்டை கிடையாது. விடிகாலையில் மேற்கிலிருந்து வரும் காற்று உப்பளத்தைத் தாண்டி நேராகக் கடலுக்குள் போகிறது. கரையோரத் தண்ணீர் தட்டு மாதிரி கிடக்கிறது. "நேர் காத்து. நூல் சிக்காது. கண்ண மூடிகினு எறங்கலாம்" என்று வீடியோ போட்டான்.

பெங்களூரிலிருந்து குணா என்பவன் போன் செய்தான். பத்து நாள் பயிற்சி முடித்தவன். பொருளெல்லாம் புதுசு, அனுபவமும் புதுசு. "அண்ணா, நீங்களும் ஸ்பாட்டுக்கு வாங்க. நல்லா இருந்தா மேப்ல உங்க பேர நானே போடுறேன்" என்றான். லோகநாதன் கார் பிடித்தான். சாட்சிக்கு ஆள் வேண்டுமென்று என்னையும் ஏற்றிக்கொண்டான். வந்தவாசியில் ஒரு முறை, திண்டிவனத்தில் ஒரு முறை வாந்தி எடுத்தான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது குணாவும் அவன் நண்பனும் பட்டத்தின் விளிம்புக் குழாய்க்குப் பம்பால் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் படகு ஓரம் வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த கமலக்கண்ணன் என்ற மீனவன் எழுந்து வந்தான்.

"சார், இப்ப எறங்காதீங்க. காத்து கரையிலேர்ந்து வெளிய தள்ளுது, போனா திரும்ப முடியாது. மத்தியானத்துக்கு மேல தெக்கால திரும்பி சாச்சி அடிக்கும். அப்ப எறங்குங்க."

லோகநாதன் சிரித்தான். "இன்னாபா பேசுற? சாச்சி அடிக்கிறது குறுக்குக் காத்து. குறுக்குக் காத்து எப்டிபா நல்ல காத்தாவும்?"

தெருவில் முப்பது வருடம் பாவு விரித்தவன் கேட்ட கேள்வி அது. எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. பாவு கடலுக்குள் போவதில்லை, போனாலும் திரும்பி வரவேண்டிய அவசியமில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை.

"அண்ணாவ முப்பத்தெட்டாயிரம் பேர் ஃபாலோ பண்றாங்க" என்று குணா கமலக்கண்ணனிடம் சொன்னான்.

"நீந்தத் தெரியுமா சார்?" என்று மட்டும் குணாவைக் கேட்டுவிட்டுக் கமலக்கண்ணன் வலைக்குத் திரும்பினான்.

இரண்டு நிமிடம் அற்புதமாக இருந்தது. நண்பன் வீடியோ எடுக்க, குணா தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனான். லோகநாதன் முகத்தில், அவன் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்காத பூரிப்பு. ஐந்தாவது நிமிடம் குணா கரைக்குத் திரும்ப முயன்றான், முடியவில்லை. பத்தாவது நிமிடம் அந்த மஞ்சள் பட்டம் தண்ணீரில் விழுந்தது. அதற்கப்புறம் கண்ணில் பட்டது ஒரு மஞ்சள் புள்ளி மட்டும்தான், அதுவும் சிறுத்துக்கொண்டே போனது.

"திரும்புபா! திரும்புபா!" என்று கத்திக்கொண்டே லோகநாதன் கடலுக்குள் ஓடினான். வாழ்நாளில் முதல் முறை. முழங்கால் அலைக்கே குப்புற விழுந்தான். இழுத்துக் கரையில் போட்டேன். உப்புத் தண்ணீரைத் துப்பிக்கொண்டு, "கொன்னுட்டேன்டா, ஒரு புள்ளைய கொன்னுட்டேன்டா" என்று அழுதான். எனக்கு அவன்மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பயம் அதைவிட அதிகம்.

கமலக்கண்ணன் இன்னும் மூன்று பேரைக் கூப்பிட்டுப் படகைத் தள்ளினான். ஒன்றேகால் மணி நேரம் கழித்து, நீலம் பாரித்துப்போன குணாவை உயிரோடு கொண்டுவந்து மணலில் இறக்கினான். "நான் சொன்னனே சார்" என்றான், அவ்வளவுதான்.

இதோடு புத்தி வந்திருக்கும் என்று நினைப்பீர்கள். லோகநாதனுக்கு வந்தது. ஊருக்குத்தான் வரவில்லை. 'லோகநாதன் பாயின்ட்டில் சாவைப் பார்த்தேன்' என்று குணாவின் நண்பன் வீடியோவை ஏற்றினான். ஆறு லட்சம் பேர் பார்த்தார்கள். துணிச்சல்காரர்களுக்கான இடம் என்று பேராகிவிட்டது. மேப்பில் யாரோ பெயரும் போட்டுவிட்டார்கள். கமலக்கண்ணன் பெயர் எங்கேயும் இல்லை.

லோகநாதன் பழைய வீடியோவை அழித்தான். அதற்குள் பத்துப் பேர் நகலெடுத்திருந்தார்கள். 'எனக்குக் கடல் தெரியாது, காலையில் அங்கே இறங்காதீர்கள்' என்று புதிதாக ஒன்று போட்டான். அதை நானூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் ஆரணிப் பட்டு என்ன விலை என்று கீழே கேட்டிருந்தார். மேப்பிலிருந்து பெயரை எடுக்கச் சொல்லி எழுதினால், அந்த இடத்தின் உரிமையாளர் என்று நிரூபிக்கச் சொன்னார்கள்.

ஒருநாள் கமலக்கண்ணன் போன் செய்தான். "ஒங்க பேரு போட்ட எடத்துல ஞாயித்துக்கெழம ரெண்டு பேர இழுத்துகினு வந்து உட்டேன் சார். எனக்கும் பொழப்பு இருக்குதுல்ல?"

அதிலிருந்து சனிக்கிழமை மாலையே பஸ் ஏறிப் போய், ஞாயிறு காலை அந்தக் கரையில் நிற்கிறான் லோகநாதன். பையில் எலுமிச்சம்பழம் வைத்து அனுப்புகிறாள் ஆதிலட்சுமி. திட்டுவதில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லையாம்.

போன வாரம் நானும் போயிருந்தேன். ஒரு காரிலிருந்து மூன்று இளைஞர்கள் பட்டத்தை இறக்கினார்கள். லுங்கியும் தலையில் துண்டுமாக லோகநாதன் ஓடினான்.

"தம்பி, இப்ப எறங்காதீங்க. காத்து வெளிய தள்ளுது. மத்தியானம் எறங்குங்க."

"இல்லண்ணே, இங்க காலைலதான் பெஸ்ட்டு" என்றான் ஒருவன். "ஆரணி லோகநாதனே சொல்லிருக்காரு." போனை எடுத்துப் போட்டும் காட்டினான். 'நேர் காத்து. நூல் சிக்காது. கண்ண மூடிகினு எறங்கலாம்.'

"நாந்தாம்பா அந்த லோகநாதன்!"

மூவரும் அவனை லுங்கியிலிருந்து துண்டு வரைக்கும் ஒருமுறை பார்த்தார்கள். அவனுக்கு வேறு வழி தெரியவில்லை. கடலைப் பார்த்து நின்று, அதே வரியை அதே குரலில் உரக்கச் சொன்னான்.

"செம அண்ணே, அப்படியே பேசுறீங்க!" என்று கை தட்டிவிட்டு, அவர்கள் பட்டத்துக்குக் காற்றடிக்கத் தொடங்கினார்கள்.

கமலக்கண்ணன் வலையைக் கீழே போட்டுவிட்டு, படகுக்கு டீசல் ஊற்றப் போனான்.