டிரைவர் பக்கம்

உப்பு எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும் கேமரா அதைச் சாம்பல் நிறமாகத்தான் காட்டும். இவ்வளவு வெளிச்சம் எங்கேயும் இருக்காது என்று அதற்கு ஒரு சந்தேகம், தானாகவே குறைத்துக்கொள்ளும். நாம்தான் வெளிச்சத்தை ஒரு படி ஏற்றி வைக்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்வதற்குள் மரக்காணம் உப்பளம் முழுவதையும் அழுக்கு வேட்டி மாதிரி எடுத்து எடுத்து அழித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈ.சி.ஆர். ஓரம், உப்புக் குவியல்களுக்கு எதிரே, ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண் கழுத்தில் கேமராவோடு நிற்பதைப் பார்த்தால் அது நான்தான். ரோட்டை அளக்க வந்தவள் என்று சிலர் நினைக்கிறார்கள். ஒருத்தர் பைக்கை நிறுத்தி, "மேடம், ஸ்பீடு கேமராவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பாண்டிச்சேரி வரைக்கும் ஒழுங்காகப் போயிருப்பார் என்று நம்புகிறேன்.

என் கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. வாசலில் நின்றால் உப்புக்காற்றில் துருப்பிடித்துவிடும் என்று சொல்லி, பெங்களூரில் இருக்கும் மகன் காரைத் திண்டிவனத்துப் புரோக்கர் மூலம் விற்றுவிட்டான். நான் சரி என்றேன். வேறு என்ன சொல்வது? யார் வாங்கினார்கள் என்றுகூடக் கேட்கவில்லை.

சில மாதம் கழித்து நான் வந்துகொண்டிருந்த பாண்டிச்சேரி பஸ்ஸை ஒரு வெள்ளைக் கார் தாண்டிப் போனது. எங்கள் நம்பர். பின் கண்ணாடியில் நான் ஒட்டிய மயில் ஸ்டிக்கரை வாங்கினவர் உரிக்கவே இல்லை. என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். "எறங்கணுமாம்மா?" என்று கண்டக்டர் கேட்டார். இல்லை என்று உட்கார்ந்தேன்.

அன்றைக்கு வீட்டில் பழைய படங்களை எல்லாம் கொட்டிப் பார்த்தேன். காரை எடுத்த நாள், மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஒரு படம். பெருமுக்கல் மலையடிவாரத்தில் அவர் பானெட்டில் சாய்ந்து, தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு ஒரு படம். எல்லாவற்றிலும் கார் நிற்கிறது. ஓடும்போது எடுத்தவை எல்லாம் காருக்குள்ளிருந்து நான் எடுத்தவை. தென்னைமரம், கடல், ஒரு ஓரத்தில் சைடு மிரர். அவர் ஓட்டிக்கொண்டு போவதை வெளியிலிருந்து எடுத்த படம் ஒன்றுகூட இல்லை.

படம் மட்டுமா? நானே பார்த்ததில்லை. எப்போதும் பக்கத்து சீட்டில்தானே இருந்தேன். ஓட்டும்போது அவருடைய இடது கன்னம், இடது காது, அதன் மடலில் ஷேவிங் சோப்பு காய்ந்திருப்பது, இதெல்லாம் எனக்கு மனப்பாடம். பேசினால் திரும்பமாட்டார். "ரோட்டப் பாக்கட்டுமா, ஒன்னப் பாக்கட்டுமா?" என்பார். "ரெண்டையும் பாருங்க" என்பேன். அவருடைய வலது பக்கத்தை டோல்கேட்காரர்கள் பார்த்திருப்பார்கள், எதிரே வந்த லாரிக்காரர்கள் பார்த்திருப்பார்கள். நான் பார்க்கவில்லை. அது எனக்குத் தாங்கமுடியாமல் போய்விட்டது. அவர் இல்லை, சரி. ஆனால் கார் ஓடுகிறது. அதே சீட்டில் யாரோ உட்கார்ந்து ஓட்டுகிறார்கள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு நல்ல படம் கிடைத்தால் மீதியை நானே மனதுக்குள் போட்டுக்கொள்வேன் என்று நினைத்தேன்.

மகன் ஆசையாக வாங்கி, வாங்கிய வேகத்திலேயே சலித்துப்போன கேமரா ஒன்று அலமாரியில் கிடந்தது. போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். ஓடுகிற வண்டியை மின்னல் வேகத்தில் எடுத்தால் சக்கரம்கூடச் சுற்றாமல், ரோட்டில் நிறுத்திவைத்த வண்டி மாதிரி ஆகிவிடும். அதனால் ஷட்டரை மெதுவாக வைக்க வேண்டும். கால் இரண்டும் வண்டி கடக்கப்போகிற இடத்தைப் பார்த்து நிற்க வேண்டும். இடுப்பை மட்டும் வண்டி வருகிற பக்கம் திருப்பி, தூரத்திலேயே அதைப் பிடித்து, அதன் வேகத்திலேயே கூடத் திரும்பி வர வேண்டும். நேரே வரும்போது அழுத்த வேண்டும். அழுத்திய பிறகும் நிற்கக் கூடாது, அது போகிற திசையில் இன்னும் கொஞ்சம் கூடப் போக வேண்டும். அப்போது கார் தெளிவாக நிற்கும், பின்னால் உப்புக் குவியல் எல்லாம் வெள்ளைக் கோடாக இழுபடும்.

எனக்கு அந்தக் கடைசி விஷயம் வரவே இல்லை. க்ளிக் என்ற சத்தம் கேட்டதும் கை தானாக நின்றுவிடும். கார் போய்விட்டதே, இனி என்ன என்று. படத்தில் உப்பளம் தெளிவாக இருக்கும், கார் ஒரு வெள்ளைக் கறையாக இருக்கும். போகிற பஸ், மீன் வண்டி, ஆட்டோ எல்லாவற்றிலும் பழகினேன். மகன் போனில், "அம்மா, ஒனக்கு வேற வேலையே இல்லியா?" என்றான். இல்லை என்றுதான் சொன்னேன். அதுதான் உண்மை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் குக்கர் விசில் தவிர என்னோடு பேச யாரும் இல்லை.

ரோட்டோரம் நின்று பார்த்ததில் தெரிந்தது, அந்தக் கார் ஞாயிறு காலை பாண்டிச்சேரி பக்கம் போகும், சாயங்காலம் திரும்பும். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். நானும் காலையில் கடல் பக்கமாக நின்றேன், சாயங்காலம் எதிர்ப் பக்கமாக நின்றேன். படம் ஓரளவு வர ஆரம்பித்த பிறகுதான் உறைத்தது. இரண்டு வேளையும் எனக்குக் கிடைத்தது காரின் இடது பக்கம். கண்ணாடிக்குள்ளே தெரிந்தது காலியான பக்கத்து சீட். வாராவாரம் வெயிலில் நின்று நான் உட்கார்ந்திருந்த இடத்தையே எடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். ரோட்டோரம் நின்றபடியே என் தலையில் அடித்துக்கொண்டேன்.

பிறகு காலையில் எதிர்ப் பக்கம் போய் சூரியனைப் பார்த்து நின்றேன். டிரைவர் பக்கம் வந்தது, ஆனால் ஆள் வெறும் கறுப்பு உருவம். தலை, தோள், ஸ்டீயரிங் மேல் ஒரு கை. உண்மையைச் சொன்னால் அந்தப் படங்கள் எனக்கு ரொம்பப் பிடித்தன. ராத்திரி சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். அவர் என்று நினைத்தால் அவர்தான். ஆனாலும் முகம் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தது.

போன மாதம் ஒரு ஞாயிறு, நான் பழையபடி கடல் பக்கமாக நின்றிருந்தபோது அந்தக் கார் என்னைத் தாண்டிப் போய் நின்றது. முப்பது வயதுக்குள் இருக்கும், சட்டைப்பையில் சீப்பு வைத்த ஒரு ஆள் இறங்கி வந்தார்.

"என்னாங்கம்மா, வாராவாரம் எங்க வண்டியவே ஃபோட்டோ எடுக்கறீங்க? நானும் பாத்துக்கினே இருக்கேன்."

"எங்க வண்டிங்க இது," என்று வந்துவிட்டது வாயில். "அதாவது, எங்க வீட்டுக்காரர் ஓட்டினது. அவர் இப்ப இல்லீங்க."

அவர் காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப அந்த டாக்டர் வண்டிங்களா? பாண்டிச்சேரி டாக்டருதுன்னு சொல்லித்தான் புரோக்கர் வித்தாரு."

"டாக்டர் எல்லாம் இல்லீங்க. கரண்ட் ஆபீஸ்ல இருந்தாரு."

அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அந்த ரோட்டோரத்தில் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. பெருமுக்கல் பக்கத்துக் கிராமமாம், கொஞ்சம் நிலம், ஒரு உரக்கடை. மனைவி மாசமாக இருக்கிறாளாம், பெரிய முதலியார்சாவடியில் அவள் அம்மா வீட்டில். வாராவாரம் அவளைப் பார்க்கத்தான் போகிறார். எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். வெட்கத்தை விட்டுச் சொன்னேன்.

"அவ்ளோதானே? திருப்பிக்கினு வரேன், எடுங்க."

ரோட்டின் அந்த ஓரத்து வரிசையில், மரக்காணம் பக்கமாகப் போகும்போது டிரைவர் பக்கம் எனக்கும் தெரியும், வெயிலும் அவர் முகத்தில் விழும். கண்ணாடியை இறக்கச் சொன்னேன். முதல் தடவை கல்யாண ஆல்பத்துக்குப் போல என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினார். இரண்டாம் தடவை டாட்டா காட்டினார். மூன்றாம் தடவை நடுவில் ஒரு அரசு பஸ் வந்து மறைத்துவிட்டது. அவர் திரும்பி என் பக்கமாக வந்தபோது கத்தினேன்: "என்னப் பாக்காதீங்க! ரோட்டப் பாருங்க!"

கத்திய பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. அதற்குள் அவர் மறுபடி திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். தூரத்திலேயே பிடித்தேன், கூடவே திரும்பினேன், அழுத்தினேன், அழுத்திய பிறகும் நிற்கவில்லை. மயில் ஸ்டிக்கர் சிறிதாகும்வரை கூடப் போனேன்.

படம் வந்திருந்தது. கதவில் எங்கள் கேட் கிழித்த பழைய கோடு, சுற்றுகிற சக்கரம், பின்னால் வெள்ளையாக ஓடும் உப்பு. ஜன்னலில் ஒரு முகம், ரோட்டைப் பார்த்தபடி, உதட்டை லேசாகக் கடித்துக்கொண்டு. வேறு ஒருத்தருடைய முகம். மீதியைப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேனே, போட இடமே இல்லை. அவ்வளவு தெளிவாக எடுத்துவிட்டேன். அவர் இருந்தபோது காரிலிருந்து இறங்கி இந்த ஓரத்தில் ஒரு தடவை நான் நின்றிருந்தால் போதும், நான் தேடிய படம் எனக்குக் கிடைத்திருக்கும். எங்கள் இரண்டு பேருக்கும் அது தோன்றவே இல்லை. எங்கே போனாலும் சேர்ந்தேதானே போனோம்.

அவர் கேமராவை எட்டிப் பார்த்து, "அட, சூப்பரா கீதே! என் சம்சாரத்துக்கு அனுப்பணும்மா, குடுங்க," என்றார். அங்கேயே போனுக்கு மாற்றி அனுப்பினேன். கிளம்பிப் போனார். எனக்குப் பொறாமையாக இருந்தது, மறைப்பானேன்.

மத்தியானம் அவர் நம்பரிலிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. ஒரு இளம்பெண் குரல், பின்னால் மிக்சி சத்தம். "அக்கா, ஃபோட்டோ செமயா கீதுக்கா. நான் எப்பவும் பக்கத்துல குந்திக்கினு போறனா, இவர இந்தப் பக்கத்துலேர்ந்து பாத்ததே இல்லக்கா."

நானும்தான்மா என்று எழுதினேன். அதை அழித்துவிட்டு, பத்திரமாக வைத்துக்கொள் என்று மட்டும் அனுப்பினேன்.