கற்பிட்டியில் ஐந்து லீட் தேடிய புதன்கிழமை

கற்பிட்டிக்கு எல்லாரும் டொல்பின் பார்க்கப் போவார்கள். நான் லீட் பிடிக்கப் போனேன். யுத்தம் முடிந்து சில ஆண்டுகள் கழிந்த ஒரு பெப்ரவரி அது. கொழும்பில் ஓர் இணைய இணைப்பு நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் எனக்கு ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடியப் போகிறது. வெள்ளிக்கிழமைக்குள் கற்பிட்டி வீதியிலிருந்து ஐந்து தகுதியான லீட் கொண்டுவந்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் யோசிப்போம் என்றார் மேலாளர். அவர் ஏற்கெனவே யோசித்த இரண்டு பேர் இப்போது வேறு இடத்தில் வேலை பார்க்கிறார்கள். லீட் என்றால் இணைப்பு வாங்கக்கூடிய வியாபாரி. தகுதியான லீட் என்றால் அவருக்குத் தேவை இருக்க வேண்டும், மாதக் கட்டணம் கட்ட வசதி இருக்க வேண்டும், முடிவையும் அவரே எடுக்க வேண்டும்.

புறக்கோட்டையில் காலை 5.10 புத்தளம் பஸ், 190 ரூபாய். இதே வழியில் போகிறவர்கள் புத்தளம் டவுன் வரை போக வேண்டாம், அதற்கு முன்னால் பாலாவிச் சந்தியில் இறங்குங்கள். நான் இறங்கும்போது 8.50. அங்கிருந்து கற்பிட்டிக்குச் சுமார் 40 கிலோமீற்றர், 70 ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். தலவில கத்தோலிக்கக் கோவிலுக்குப் போகிறவர்கள் இறங்கிய பிறகுதான் இருக்க இடம் கிடைத்தது. உப்பளம், நுரைச்சோலை அனல்மின் நிலையப் புகைபோக்கி, வரிசையாகக் காற்றாலைகள். மலைநாட்டு ஹற்றனில் பிறந்த எனக்கு இத்தனை தட்டையான நிலத்தைக் கண்டால் வாய் பிளந்துவிடும், அன்றும் பிளந்தது.

கற்பிட்டியில் நியாஸ் என்பவரின் ஓட்டோவை நாள் வாடகைக்குப் பிடித்தேன், 2,000 ரூபாய். தொண்ணூறில் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பம். ஊரில் அவருக்குத் தெரியாத கேட் இல்லை. என்னிடம் இருந்தது தலைமை அலுவலகம் காசு கொடுத்து வாங்கிய பட்டியல், 23 பெயர்கள். பதினொரு மணிக்குள் அதன் இலட்சணம் தெரிந்துவிட்டது. ஹோட்டல் முதலாளி ஜேர்மனியில். ஸ்டூடியோ பூட்டு. ‘கம்பியூட்டர் நிலையம்’ கோழிப்பண்ணையாகியிருந்தது.

“அடுத்தது, தாத்தா நண்டு,” என்று வாசித்தேன்.

“ஆ, தாத்தாவா! அத முதல்ல சொல்லியிருக்கலாமே மிஸ்.”

“வயசானவரா? காது கேட்குமா?”

“காதா? நாம இங்க கதைக்கிறதே கேட்டிருக்கும்,” என்றார் நியாஸ்.

கடல்நீர் ஏறி நிற்கும் களப்போரம் ஒரு தகரக் கொட்டகை. நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண் ஒருவர் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே நண்டு நிறுத்துக்கொண்டிருந்தார். “தாத்தா இருக்கிறாரா? ஓய்வெடுத்தால் எழுப்ப வேண்டாம்,” என்றேன் மிகுந்த பணிவோடு. கொட்டகையிலிருந்த பெண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். “நான்தான் தங்கச்சி தாத்தா. நல்லா முழிச்சித்தான் இரிக்கன்,” என்றார் அவர். எங்களுக்கு அப்பாவின் அப்பா தாத்தா, சிங்களத்தில் அப்பாவே தாத்தா, இந்த ஊர் முஸ்லிம்களுக்கு அக்கா தாத்தா. இரண்டு வருடம் கொழும்பில் இருந்தும் இது தெரியாமல் இருந்திருக்கிறேன்.

வெட்கத்தை மறைக்கப் பட்டியலின் அடுத்த எண்ணை அழைத்தேன், ‘களப்பு ட்ரேடர்ஸ்’. தாத்தாவின் சுவரில் ஒரு போன் அடித்தது. அதற்கடுத்த எண், ஜன்னல் கம்பியில் அடித்தது. இப்படி ஒன்பது பெயர், ஒன்பது எண், எல்லாம் இந்த ஒரே மனுஷி! பட்டியலை எழுதியவனை அங்கேயே திட்டினேன்.

ஆனால் அந்தச் சுவரைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பிரமிப்பாக இருந்தது. பொலித்தீன் பைக்குள் போன்கள் ஆணிகளில் தொங்கின, ஒவ்வொன்றிலும் பிளாஸ்டர் ஒட்டி ‘கடல்’, ‘தீவு’, ‘கொழும்பு’ என்று எழுதியிருந்தது. எந்தக் கொம்பனி சிக்னல் எந்த ஆணியில் நிற்கும் என்பது அவருக்கு மனப்பாடம். நண்டு உயிரோடு இருக்கும்போதே கொழும்பில் மூன்று பேரிடம் விலை கேட்டு முடித்துவிடுவார். எங்கள் அலுவலகத்தில் இருபது பேர் சேர்ந்து செய்வதை ஒரு சுவரை வைத்துச் செய்கிறார்.

பிளேன்டீ குடித்தபடி என் வெள்ளிக்கிழமைக் கதையைச் சொன்னேன். “அஞ்சு பேரா வேணும்? இந்தா ஒம்பது நம்பர் இரிக்கு. ஒங்கட ஆள் எதுக்கு எடுத்தாலும் ஓம் எண்டு சொல்றன். ஆம்பளக் குரல் வேணுமெண்டா நியாஸ் இரிக்கான்,” என்றார் தாத்தா. பிறகு, “ஒண்டு மட்டும் சொல்லுங்க. ஒங்கட லைன் இங்க வேல செய்யுமா?” என்று கேட்டார்.

சிக்னல் பார்க்கும் கருவியோடு கொட்டகையைச் சுற்றி மூன்று இடத்தில் நின்று பார்த்தேன். ஒரு கோடு வந்தது, அதுவும் போனது. ஓம் என்று சொல்லிவிட்டால் ஐந்துக்கு ஒன்பதாகக் கிடைக்கும். ‘செய்யும்’ என்பது என் வாய்வரை வந்தது, மறைப்பானேன். ஆனால் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல முடியவில்லை. “செய்யாது தாத்தா. தென்னைக்கு மேலே நிற்கிற மாதிரி ஒரு கம்பம் போட்டால் செய்யும். நிறுவனம் போடுமா என்று எனக்குத் தெரியாது.”

அவர் சுவரைக் கையால் காட்டினார். “எல்லாக் கொம்பனிக்காரனும் வேல செய்யும் எண்டுதான் சொன்னான் தங்கச்சி. அதுதான் இங்க ஒம்பது தொங்குது,” என்றார். பிறகு நண்டுப் பெட்டியின் அட்டை மூடியைக் கிழித்து, சிக்னல் எட்டக்கூடிய உயரமான கூரை உள்ள நாலு வியாபாரிகளின் பெயரை எழுதித் தந்தார். நாலு மணிக்குள் நாலு பேரையும் பார்த்தேன். இரண்டு பேர் சம்மதித்தார்கள், ஐஸ் தொழிற்சாலையும் ஒரு ஹார்ட்வெயார் கடையும். கம்பம் வந்தால் இணைப்பு எடுப்பதாகச் சொன்ன தாத்தாவோடு மூன்று.

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு: வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்தில் கடைகள் பூட்டு. நண்டு நிறுக்கும் நேரத்தில் விற்பனைப் பேச்சை எடுக்காதீர்கள். வாங்கிய பட்டியலை நம்பாமல், கேட்டில் நின்றே எண்ணை அழைத்துப் பாருங்கள். அந்த ஊர் என்னைப் போன்ற அவசரக்காரிக்கே பொறுமையாக வழி காட்டியது.

வெள்ளிக்கிழமை மூன்று பெயர்களை மட்டும் கொடுத்தேன். மேலாளர் தாத்தாவுக்கு அழைத்துச் சரிபார்த்தார். “வேல செய்யாது எண்டு ஒங்கட பிள்ளயே சொல்லிட்டுப் போச்சு. கம்பத்தப் போடுங்க, அந்தப் பிள்ளயவே அனுப்புங்க. வேற ஆள் வந்தா கேட்டத் திறக்க மாட்டன்,” என்றாராம். திங்கட்கிழமை கடிதம் வந்தது. தகுதிகாண் காலம் மூன்று மாதம் நீடிக்கப்படுகிறது என்றது முதல் வரி. அங்கேயே அழுதேன். கற்பிட்டியில் கம்பம் நடும் வேலைக்கு நானே பொறுப்பு என்றது இரண்டாவது வரி. மூக்கைத் துடைத்துக்கொண்டு நியாஸுக்கு அழைத்து, புதன்கிழமை ஓட்டோவை வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்றேன்.